பாறையில்லா ஊரில் பாறைப் படங்கள்

கொக்குவிலில் ஏறுவதற்கென்று ஒரு பாறை கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அப்படித்தான். இங்கே கல் நிலத்துக்கு மேலே நிற்பதில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் செம்மண்ணைத் தாண்டியதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லில் முட்டுவார்கள். அதை உடைத்துக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகவேண்டும். கல்லைக் குனிந்து பார்த்துப் பழகிய ஊர். அண்ணாந்து பார்க்கவேண்டிய கல்லை நான் படங்களில் தேடத் தொடங்கினேன். இரவில், வீட்டார் உறங்கியபின், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பதற்கு ஏற்றவை அவை. பேச்சு குறைவு. மூச்சுத்தான் அதிகம்.

*

அந்தப் படங்களில் வரும் போல்டரிங் என்றால் மூன்று நான்கு மீற்றர் உயரப் பாறாங்கல்லில் கயிறில்லாமல் ஏறுவது. கீழே தடித்த மெத்தை விரித்திருக்கும். நண்பர்கள் இரு கைகளையும் உயர்த்தியபடி அடியில் நிற்பார்கள். விழுகிறவரின் தலையும் முதுகும் மெத்தைக்கு வெளியே போய்விடாமல் திருப்பிவிடுவது அவர்கள் வேலை. ஏறுகிறவரை விட்டுவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. அவர் நகர நகர அவையும் நகரும். படத்தின் தலைப்பில் அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர் வராது.

*

எங்களுக்கு மிக அருகில் எடுக்கப்பட்ட படம் ‘பில்கிரிமேஜ்’. 2003ஆம் ஆண்டளவில் ஜோஷ் லோவெல் இயக்கியது. இடம் கர்நாடகத்து ஹம்பி. துங்கபத்திரைக் கரையில் விஜயநகரத்தின் இடிபாடுகள். அவற்றைச் சூழ, யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் கருங்கற்பாறைகள். ஆற்றுக்கு அக்கரையில் ஆனைகுந்தி. அனுமன் பிறந்த கிட்கிந்தை அதுதான் என்று அவ்வூரார் நம்புகிறார்கள். கிறிஸ் சர்மா அங்கே வெறும் மார்போடு ஏறுகிறார். கலிபோர்னியாவில் பிறந்தவருக்குச் சர்மா என்ற பெயர் எப்படி வந்தது? அவருடைய பெற்றோர் பாபா ஹரிதாஸ் என்ற யோகியின் சீடர்கள். அவர் வழியாகத்தான் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானின் ஷிகோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரையையும் சர்மா நடந்தே போனவர். தலைப்பைத் தாங்கத் தகுதியானவர்தான்.

வழிபாட்டுக்குரிய கல்லில் மட்டும் யாரும் கால்வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஹம்பியில் அதற்கு வெளியே ஆயிரம் கற்கள் இருக்கின்றன.

*

பின்லாந்தின் தெற்கே லப்னோர் என்னும் இடத்தில் சரிந்து நிற்கும் ஒரு கல். நாலே ஹுக்கதைவல் அதில் ஏற ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முயன்று 2016இல் ஏறி முடித்தார். அதற்கு அவர் சூட்டிய பெயரின் பொருள் ‘கனவுகளின் பாரம்’. உலகிலேயே மிகக் கடினமான போல்டரிங் ஏற்றம் என்று அப்போது கருதப்பட்டது. ‘தி லப்னோர் புரொஜெக்ட்’ படத்தில் ஏறுவது சில விநாடிகள். மீதியெல்லாம் விழுவதும் காத்திருப்பதும். குளிர் வேண்டும், காற்று உலர்ந்திருக்க வேண்டும், விரல்நுனித் தோல் ஆறியிருக்க வேண்டும். வியர்த்தால் பிடி வழுக்கும். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவர் குளிருக்காகக் காத்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வியர்வைக்கு மருந்து கண்டவர் ஜோன் கில் என்ற அமெரிக்கர். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய அவர் 1950களில் அந்தப் பயிற்சியில் கையில் பூசும் வெண்தூளைப் பாறைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் கணிதப் பேராசிரியர். அந்தத் தூள் இல்லாத போல்டரிங் படத்தை இன்று காண்பது அரிது.

*

‘தி டோன் வோல்’ போல்டரிங் படமல்ல; கலிபோர்னியாவின் எல் கப்பிட்டான் என்னும் ஏறக்குறைய 900 மீற்றர்ச் செங்குத்துச் சுவரைப் பற்றியது. இதையும் ஜோஷ் லோவெல்தான் பீற்றர் மோர்ட்டிமருடன் சேர்ந்து இயக்கினார். ஆனாலும் போல்டரிங் என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்க்கவில்லை.

ரொமி கால்ட்வெல், கெவின் ஜோர்ஜ்சன் இருவரும் 2014 டிசம்பர் இறுதியில் ஏறத் தொடங்கினார்கள். கால்ட்வெல்லுக்கு இடதுகைச் சுட்டுவிரலில் பாதி இல்லை. 2001இல் வாள் இயந்திரத்தில் இழந்தது. ஜோர்ஜ்சன் போல்டரிங்கில் இருந்து வந்தவர், பெருஞ்சுவருக்குப் புதியவர். பதினைந்தாவது பகுதியில் அவர் சிக்கிக்கொள்கிறார். பக்கவாட்டில் நகரவேண்டிய இடம். பிடி ஒவ்வொன்றும் சவரத் தகடு. விழுகிறார். விரல் வெடிக்கிறது. ஒட்டுத்துணி சுற்றிக்கொண்டு, குளிர் வேண்டி இரவில் தலைவிளக்கோடு மறுபடி முயல்கிறார். மறுபடி விழுகிறார். கால்ட்வெல் அந்தப் பகுதியை ஏற்கெனவே முடித்துவிட்டார். பல ஆண்டுக் கனவு அவருடையது. தனியே போய் முடித்திருக்கலாம். அவர் நிற்கிறார், நண்பனுக்காகக் காத்திருக்கிறார். 2015 ஜனவரி 14இல், பத்தொன்பதாவது நாள், இருவரும் சேர்ந்தே உச்சியை அடைகிறார்கள்.

போல்டரிங்கில் கீழே நின்ற கைகள்தாம் இங்கே சுவரின் நடுவே ஒரு தொங்கு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

*

‘ஃபிரீ சோலோ’வை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். ஒஸ்கார் வாங்கிய படம். 2017 ஜூன் 3இல் அலெக்ஸ் ஹொனோல்ட் அதே எல் கப்பிட்டானில், வேறொரு வழியாக, கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். வழியின் மிகச் சிக்கலான சில அசைவுகள் போல்டரிங் வகை. அங்கே படப்பிடிப்பாளர் எவரும் நிற்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தூரத்திலிருந்து இயக்கும் கமராக்கள் வைத்தார்கள். கீழே நின்ற படப்பிடிப்பாளர் ஒருவர் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நல்ல படம். ஆனால் முதலாவதாகப் பார்க்கவேண்டியதல்ல. விழுந்தால் சாவு என்ற பயம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. சீவல் தொழிலாளர்கள் தளைநாரை மாட்டிக்கொண்டு தினமும் பனையேறுகிறார்கள். விழுந்து திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கின்றன. நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது, விழுந்தவர் எழும்பித் தூளைத் தட்டிவிட்டு மீண்டும் கல்லைப் பார்க்கும் படங்களை.

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியவர் ஆஷிமா ஷிராய்ஷி. 2001இல் நியூயோர்க்கில் பிறந்து, நகரத்தின் நடுவே சென்ட்ரல் பார்க்கில் கிடக்கும் ஒரு பாறையில் ஆறு வயதில் தொடங்கியவர். தகப்பனார் பூட்டோ நடனக் கலைஞர். ஏறத் தெரியாதவர், பின்பு மகளுக்குப் பயிற்சியாளரானார். பதினான்கு வயதில் ஜப்பானின் ஹியெய் மலையில் ஆஷிமா ஏறிய கல்லில் அதுவரை ஒருவர்தான் ஏறியிருந்தார்.

*

லப்னோர்க் கல்லுக்கு ஒரு பின்கதை உண்டு. அதன் வடிவத்தை அளந்து பிரதி செய்து, பிரித்தானியாவில் ஒரு சுவரில் பொருத்திப் பழகிய வில் போசி 2023இல் பின்லாந்து போய் மூலக் கல்லில் ஏறினார். கல் இல்லாத இடத்திலும் பழகலாம். ஷெஃபீல்ட் நகரில் பென் மூனும் கூட்டாளிகளும் 1990களில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பலகைகளைச் சாய்த்து நிறுத்திப் பழகினார்கள். அங்கிருந்துதான் இன்று உலகெங்கும் உள்ள, 40 பாகை சாய்ந்த ‘மூன்போர்ட்’ பலகை பிறந்தது.

எங்கள் பாடசாலைகளுக்கு மண்டபமும் கணினியும் வாங்கித்தரும் பழைய மாணவர்கள் பரிசிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். பரிசில் இருப்பவர்களுக்கு ஃபொன்தென்புளோக் காட்டுப் பாறைகள் ஒரு மணி நேரத் தூரம். ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஒட்டுப்பலகை, பிடிகள், தடித்த மெத்தை, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். இங்கே ஒரு சாய்ந்த பலகை அமைக்க இவ்வளவுதான் தேவை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வடக்கின் ஏதாவது ஒரு பாடசாலைக்கு இதைக் கேட்டு வையுங்கள்.