மனனமான மனோதர்மம்

சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் தரம் பிரித்துப் பரீட்சை வைப்பதைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்களே புழங்குகின்றன. கலையை அளக்க முடியாது என்பது ஒன்று. அளக்காவிட்டால் கலை கண்டவர் கைக்கும் போய்விடும் என்பது மற்றது. இரண்டுமே யோசனையைத் தவிர்க்கும் சௌகரியங்கள். அளக்க முடியாது என்பவர், கச்சேரியில் மேல் ஷட்ஜம் மயிரிழை இறங்கினால் முகம் சுளிக்கிறார். அப்போதே புள்ளி போட்டாகிவிட்டது. எண்ணைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படிநிலையும் நமக்குப் புதிதல்ல. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு கீர்த்தனை என்று புரந்தரதாசரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒழுங்கு இருக்கவே இருக்கிறது. ஆனால் அது பாடங்களின் வரிசை, ஆட்களின் வரிசையல்ல. மாயாமாளவகௌளையில் ஒருத்தி ஆறு மாதம் இருப்பாள், இன்னொருத்தி மூன்று வருஷம் இருப்பாள். சாரீரம்தான் காலத்தைத் தீர்மானித்தது. பரீட்சை கொண்டுவந்தவை இரண்டு: ஒரு தேதி, ஒரு எண்.

1889இல் லண்டனின் இரு ராஜரீக இசைக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்த பரீட்சைச் சபை இன்று எட்டுத் தரங்கள் நடத்துகிறது. மொத்தம் 150 புள்ளி, சித்திக்கு 100. அதன் செய்முறைத் தரங்களில் மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்வர வரிசைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப் பயிற்சிக்கு 18. கேட்டல் என்பதன் விலை 18 என்று யாரோ உட்கார்ந்து நிர்ணயித்திருக்கிறார்கள். 2020இல் ஒளிப்பதிவு அனுப்பும் இன்னொரு வகைத் தரத்தைத் தொடங்கினார்கள். அதில் செவிப் பரீட்சையே கிடையாது.

யாழ்ப்பாணத்தில் 1931இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் ஆசிரிய தரம் வரை போகின்றன. அதில் சித்தியெய்தியவர் கலாவித்தகர். இந்தப் பட்டத்தைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்பவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வித்துவான் வீட்டுத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதைச் சாதியும் உறவும் தீர்மானித்த காலத்தில், பாட்டு இல்லாத வீட்டுப் பெண் எங்கே போய்க் கற்றிருப்பாள்? சான்றிதழ் அவளுக்குப் பள்ளிக்கூட உத்தியோகத்துக்கு வழி காட்டியது. குருகுலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வாசலில் நிறுத்தப்படாதவர்கள்.

என் சங்கடம் வேறு இடத்தில். மேல் தரங்களில் ராக ஆலாபனை, கல்பனாஸ்வரம் கேட்கப்படுகின்றன. ஆசிரியை அவற்றைக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார், மாணவி பாடமாக்குகிறாள். ஒரே ஆசிரியையின் மூன்று மாணவிகள் வந்தால் ஒரே கல்யாணி, மூச்சு விடும் இடமும் ஒன்றே. இரண்டாவது சங்கதியிலேயே பரீட்சகருக்குத் தெரிந்துவிடும். விதி எதுவும் மீறப்படவில்லை. ‘இது என் கற்பனை’ என்று அந்தப் பெண் சொல்லவுமில்லை. உருப்படியின் பெயர்தான் அவளுக்காக அந்தப் பொய்யைச் சொல்கிறது. இருவரும் அறிந்த பொய்க்குப் புள்ளி வழங்கப்படுகிறது.

மனனம் குற்றமா? குழந்தை பேசக் கற்பதும் கேட்டதைத் திருப்பிச் சொல்லித்தான். பெரிய வித்துவான்களின் ஆலாபனையிலும் நூறு முறை வந்த பிடிகள் உண்டு. ஒப்பிப்பது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே பிரச்னை. மறுநாளும் அவளோடு உட்காரப்போகும் குருவுக்கு அது தெரியும். சில நிமிஷங்கள் கேட்டுவிட்டுப் போகும் பரீட்சகருக்குத் தெரிய நியாயமில்லை. தவறிய ஸ்வரத்தை அவர் தண்டிக்கலாம், துணியாமையைத் தண்டிக்க முடியாது. புதிதாக ஒன்றைத் தேடிப்போய் ராகத்தைவிட்டுச் சறுக்கியவள் புள்ளி இழக்கிறாள். கொப்பியை ஒப்பித்தவள் பத்திரமாகக் கரையேறுகிறாள். ஒவ்வொரு தரமும் எச்சரிக்கையைக் கற்பிக்கிறது. ஆசிரிய தரத்துக்கு வரும்போது அதில் அவள் தேர்ந்துவிட்டிருக்கிறாள். பிறகு அதையே சொல்லிக்கொடுக்கிறாள்.

அப்படியானால் கொப்பியைப் பறித்துவிடலாமா? இங்கேதான் எனக்கு நிச்சயம் குலைகிறது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி எந்தத் தரத்தில் சித்தியெய்தினார் என்று கேட்பது அபத்தம். ஆனால் அவர் தவில் வித்துவானின் மகன்; லயம் வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. நிஜமான கற்பனையை மட்டுமே கேட்போம் என்று பரீட்சை வைத்தால், இசை கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளையே மறுபடி முந்திக்கொள்ளும். பாட்டில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கொப்பிதான் பரம்பரை. எந்த நியாயத்துக்காகப் பரீட்சை வந்ததோ, அந்த நியாயமே கலையின் பொய்யையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நடனத்திலும் இதுவேதான். கற்ற அபிநயத்தை அவள் நன்றாகவே பிடிப்பாள். அதே வரிக்கு வேறொரு பாவம் காட்டச் சொன்னால் கண்கள் ஆசிரியையைத் தேடும்.

பரீட்சையின் ஒரு பகுதியையாவது மாற்றிப் பார்க்கலாம். பரீட்சகர் ஒரு பிடியைப் பாடட்டும், மாணவி அதைத் தொடரட்டும். சறுக்கினால் புள்ளி குறையாது, தொடராவிட்டால் மட்டுமே குறையும். இதற்குப் பரீட்சகரும் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டியிருக்கும். எத்தனை புள்ளி ஒதுக்குவது என்றுதான் கூட்டத்தில் முதலில் கேட்பார்கள். பதினெட்டே போடட்டும்.