பெயரில்லா வாய்க்கும் வினை உண்டு

சென்ற பௌர்ணமி வந்தனை முடிந்தபின், தாராவி வாலிபர் ஒருவர் நம்மை அணுகி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பொய் உரையாமை பஞ்சசீலத்துள் ஒன்று. எவர் எழுதியது என்றே அறியாத செய்தி ஒன்று எமது கைப்பேசிக்கு வருகிறது. அதனை நாங்கள் மற்றவர்க்கு அனுப்புகிறோம். எழுதியவர் நாங்கள் அல்லர். எழுதியவருக்கோ பெயரே இல்லை. அது பொய்யாகப் போனால் அந்தத் தீவினை யாரைச் சேரும்?" என்றார். கூடியிருந்தோரில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை, விடை கூற ஒரு மாதம் தவணை கேட்டோம். தவணை கேட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

பெயரை மறைத்துப் பேசும் பேச்சு எங்கே பிறக்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். வீண் பொழுதுபோக்கினின்றும் அது பிறப்பதுண்டு. ஆனால் ஊரையும் நாட்டையும் கலக்குகின்ற பேச்சு பெரும்பாலும் மனக்கசப்பில் பிறக்கிறது. பேசிப் பேசிப் பார்த்தும் கேட்பாரற்றுப் போன மக்களின் கசப்பு அது.

அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்வோம். ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்னும் எஃகு நகரம் உளது. 1977 செப்டம்பர் 19 ஆம் நாள், அங்குள்ள பெரிய எஃகு ஆலை மூடப்படும் என்று திடீரென அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,000 தொழிலாளர் வேலை இழந்தனர். அதனைத் தொடர்ந்து மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. நமது பம்பாயில் 1982 ஜனவரி 18 ஆம் நாள், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுள் பல்லாயிரவர் மீண்டும் ஆலைக்குள் அடியெடுத்து வைக்கவே இல்லை. புகைபோக்கிகள் நின்ற பரேலிலும் லால்பாகிலும் இன்று மாட மாளிகைகளும் கடை வளாகங்களும் நிற்கின்றன. இரு நாட்டிலும் தொழிலாளி மனுக் கொடுத்தான், ஊர்வலம் போனான், வாக்களித்தான். ஆட்சிகள் மாறின, ஆலைச் சங்கு மீண்டும் ஊதவில்லை.

அவனுடைய துக்கம் மெய்யானது. "துக்கம் உண்டு" என்பதே பகவான் அருளிய முதலாம் வாய்மை. அதனை மறுப்பவன் பௌத்தன் ஆகான். ஆனால் இரண்டாம் வாய்மை, துக்கத்திற்குக் காரணம் உண்டு என்பது. அக்காரணத்தை ஆராய்ந்து காண வேண்டும். முதலீடு எங்கே போயிற்று, சட்டம் யாருக்காகத் திருத்தப்பட்டது, நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்று தேடுவது கடினமான வேலை. பெயரற்ற வதந்தியோ அவ்வேலையை மிச்சப்படுத்துகிறது. காரணத்தைத் தேடும் இடத்தில் ஒரு மனிதனின் முகத்தைக் கொண்டுவந்து வைத்து, "இவனே காரணம், இவனை அடி" என்கிறது. முதலாம் வாய்மை மெய்யாக இருக்க, இரண்டாம் வாய்மையின் இடத்தில் பொய்யைப் புகுத்துவதே வதந்தியின் தொழில். அதனால்தான் நல்ல மனிதரும் அதற்கு இரையாகின்றனர்.

2016 ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். வாஷிங்டன் நகரில் ஓர் உணவுக்கடையின் நிலவறையில் குழந்தைகள் அடைக்கப்பட்டுள்ளனர் என்றும், அரசியல் தலைவர்கள் அதற்கு உடந்தை என்றும் பெயரற்றோர் பலர் எழுதிப் பரப்பினர். அதனை நம்பிய ஒருவர் டிசம்பர் 4 ஆம் நாள் வேறு மாநிலத்திலிருந்து துப்பாக்கியுடன் வந்து அக்கடைக்குள் புகுந்து சுட்டார். நல்வினைப் பயனாக எவரும் மாளவில்லை. அங்கே குழந்தைகள் இல்லை, நிலவறையும் இல்லை. குழந்தைகளை மீட்க வந்ததாக எண்ணியவர் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2017 ஆம் ஆண்டு, க்யூ என்னும் ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட எவரோ அவ்விதமான கதைகளையே மீண்டும் எழுதத் தொடங்கினார். 2021 ஜனவரி 6 ஆம் நாள் அந்நாட்டுப் பாராளுமன்றக் கட்டடத்துள் புகுந்த கூட்டத்தில், அவ்வெழுத்தை நம்பியோரும் இருந்தனர். சிறைக்குச் சென்றோருக்குப் பெயர் இருந்தது. தூண்டிய எழுத்துக்குப் பெயர் இல்லை.

இதனைக் கேட்டு அமெரிக்கரை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டாரத்தில், கோயிலுக்குச் சென்ற குடும்பத்தினர் வழியில் கண்ட சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்தனர். குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்ற வதந்தி கைப்பேசி வழியே பரவியிருந்த காலம் அது. ஊரார் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிர் துறந்தார். அதே ஆண்டு ஜூலை 1 ஆம் நாள், நமது மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடி வகுப்பினர் ஐவர் அதே வதந்தியினால் அடித்துக் கொல்லப்பட்டனர். வாஷிங்டனிலும் போளூரிலும் ராயின்பாடாவிலும் பொய் ஒன்றே: "குழந்தைகளுக்கு ஆபத்து." பெற்ற மனத்தின் அன்பையே அது ஆயுதமாக்கிக் கொண்டது. அடிபட்டவர், "இதனைச் சொன்னவர் யார்? என் முன் வரட்டும்" என்று கேட்டிருப்பின், முன் வர ஒருவரும் இல்லை.

இனி நாம் தவணை கேட்ட காரணத்தைக் கூறுவோம். பிறரைக் குற்றம் சாட்டும் தகுதி நமக்கு உண்டா என்பதே நமது தயக்கம்.

வாலிபப் பருவத்தில் நாம் பம்பாய் ஆலை ஒன்றில் பதலித் தொழிலாளியாக இருந்தோம். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டுமே பதலிக்கு வேலை. விடியலில் வாயிலில் காத்து நிற்க வேண்டும். பெயர் அழைக்கப்பட்டால் அன்று சோறு. ஒரு சமயம் பதினொரு நாள் நமது பெயர் அழைக்கப்படவில்லை. யாரோ பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆட்களை உள்ளே விடுவதாக வாயிலில் பேச்சு எழுந்தது. பெயர் எழுதும் குமாஸ்தாதான் அவர் என்று நாம் ஊகித்தோம். கண்டோம் அல்லோம், ஊகித்தோம். அன்றிரவு, எழுத்து அடையாளம் தெரியாதிருக்க இடக்கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினோம். மூன்றாம் வாரம் அந்தக் குமாஸ்தா வேலையினின்றும் நீக்கப்பட்டார். பணம் வாங்கியது வேறொருவர் என்பது ஓராண்டு கழித்தே வெளியாயிற்று.

வேலை இழந்தவர் பின்னர் ரயில் நிலையத்தருகே வாழைப்பழம் விற்றார். நாம் அவரிடமே வாங்குவோம். பழைய ஆலைக்காரன் என்று அவர் ஒரு பழம் கூடுதலாகக் கொடுப்பார். நாமும் வாங்கிக்கொள்வோம். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று ஆண்டுகள் கடந்தன. ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். நமது பெயர் அக்கடிதத்தில் இல்லை. ஆயினும் அக்கடிதம் எழுதிய கை எது என்பது இந்நாள்வரை நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

அப்படியாயின் பெயரை மறைப்பதே பாவமா? அன்று. 1776 ஆம் ஆண்டு, அமெரிக்கா விடுதலை பெற வேண்டும் என்று வாதிட்ட 'காமன் சென்ஸ்' என்னும் நூலைத் தாமஸ் பெயின் தம் பெயரின்றியே வெளியிட்டார். மன்னனை எதிர்த்த எழுத்துக்கு அன்று தூக்குமரம் காத்திருந்தது. 1920 ஜனவரி 31 ஆம் நாள் இப்பம்பாயில் தொடங்கிய 'மூக்நாயக்' பத்திரிகையை நிறுவியவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆனால் ஆசிரியராக விளங்கியவர் பாண்டுரங்க நந்தராம் பட்கர். பாபாசாகேப் அப்போது அரசாங்கக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பெயர் போடாத அப்பேனா எவரையும் பொய்யாகக் காட்டிக் கொடுக்கவில்லை, ஊமையாக்கப்பட்டோருக்காகப் பேசியது. நாம் வாக்களிக்கும் சீட்டிலும் நமது பெயர் இல்லை. எளியவனை வலியவனிடமிருந்து காப்பதற்காகவே அந்த மறைவு ஏற்பட்டது.

ஆதலின் கேட்க வேண்டிய கேள்வி இது: நாம் மறைப்பது பெயரையா, பொறுப்பையா? வலியவனின் அநீதியினின்றும் தன்னைக் காத்துக்கொண்டு உண்மையைச் சொல்வதற்காக ஒருவன் பெயரை மறைக்கிறான். தான் சொல்வது பொய்யாயினும் தன்னை எவரும் கேட்கக் கூடாது என்பதற்காக மற்றொருவன் மறைக்கிறான். முதலாமவன் நாளை தக்க சபையில் சான்றுடன் எழுந்து நிற்கச் சித்தமாயிருப்பான். பாபாசாகேப் 1936 இல் அவ்வாறே நின்றார். லாகூர்ச் சபையார் அவருடைய சாதி ஒழிப்புச் சொற்பொழிவைக் கேட்க அஞ்சி மாநாட்டைக் கைவிட்டபோது, அவர் அதனைத் தம் பெயரிலேயே, தம் செலவிலேயே அச்சிட்டார். இரண்டாமவன் ஒருநாளும் எழுந்து நிற்கான். நாம் எழுதிய மொட்டைக் கடிதம் இரண்டாம் வகை.

இங்கே கற்றறிந்த அன்பர் ஒருவர் தடை எழுப்பலாம். "ஆன்மா என ஒன்று இல்லை என்பது தம்மம். பெயர் வெறும் வழக்குச் சொல் அன்றோ? இல்லாத ஒருவனைப் பெயர் சொல்லென்று ஏன் வற்புறுத்துகின்றீர்?" என்பார். இதற்கு நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு அன்றே விடை கூறியுள்ளார். நாகசேனன் என்பது வெறும் பெயரே என்று கூறிய அவரே, மாங்காய் திருடியவனின் உவமையையும் கூறினார். "அவன் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு" என்று திருடன் வாதாடினால் மன்னன் விடுவானா? விடமாட்டான், நட்டதினின்றே பறித்தது உண்டாயிற்று. பெயர் நில்லாவிடினும் வினையின் தொடர்ச்சி நிற்கிறது. பெயரை அழித்தால் வினையும் அழியும் என்று எண்ணுபவன் அனான்மத்தை உணர்ந்தவன் அல்லன். அதனை ஒளிவிடமாக்கிக் கொண்டவன்.

வதந்திக்கு ஆளானவர் என் செய்வது? பகவானே ஆளானார். சாவத்தி நகரில் எதிர்க்கூட்டத்தார் சுந்தரி என்னும் பரிவிராஜிகையைக் கொல்வித்து, ஜேதவனத்தில் புதைத்துவிட்டு, பிக்குகளே கொன்றனர் என்று ஊரெங்கும் பரப்பினர். வீதியில் சென்ற பிக்குகளை மக்கள் வசைபாடினர். பகவான் ஊரை விட்டு ஓடவில்லை. எதிர்வதந்தி ஒன்றைக் கிளப்பவுமில்லை. "இவ்வோசை ஏழு நாளைக்கு மேல் நில்லாது" என்று கூறி, பொய்யரின் கதியை மட்டும் எடுத்துரைக்கச் செய்து, அங்கேயே வெளிப்பட இருந்தார். ஓசை அவ்வாறே அடங்கிற்று.

நமது தாராவியிலும் ஒரு சான்று உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகர் எரிந்தபோது, "இன்னார் தாக்க வருகின்றனர்" என்னும் பெயரற்ற பேச்சு சந்து சந்தாக ஓடியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர் ஒருவரை ஒருவர் அஞ்சினர். அக்கலகத்திற்குப் பின், தையல் தொழில் நடத்திய வக்கார் கான் என்பவரும் பாவு கோர்டே என்பவரும் சேர்ந்து சுற்றுப்புறத்தாரை ஒன்று கூட்டினர். நான்கு மதத்துச் சிறுவர் நிற்கும் படத்தை, "நாம் அனைவரும் ஒன்று" என்னும் வாசகத்துடன் சுவரொட்டியாக்கினர். இன்னார் செய்தது என்று ஊரே அறிந்த வேலை அது. முகமற்ற பேச்சு கலைத்த உறவை முகமுள்ள இருவர் தைக்க முற்பட்டனர்.

இனி அவ்வாலிபருக்கு விடை. தானே செய்வதும், பிறரைக் கொண்டு செய்விப்பதும், செய்ததற்கு உடன்படுவதும் தீவினையே என்பது தம்மம். பொய்யை எழுதியவன் செய்தவன். அறியாமல் அனுப்பியவனுக்கு, அறிந்து பொய்த்தவனின் குற்றம் இல்லை. ஆனால் ஆராயாமல் அனுப்பிய குற்றம் உண்டு. நூறு பேர் ஒரு மூட்டையைத் தூக்கினால் பாரம் நூறாகப் பங்கிடப்படும். நூறு பேர் ஒரு வதந்தியைத் தூக்கினால், ஒவ்வொருவரும் முழு மூட்டையையே தூக்குகின்றனர்.

ஆகவே, தம்பி, ஒரு செய்தியை அனுப்புமுன் பகவான் நல்லுரைக்குக் கூறிய ஐந்து இலக்கணங்களைக் கொண்டு உரைத்துப் பார். இது உண்மையா? காலம் அறிந்ததா? இனிய சொல்லால் ஆயதா? எவருக்கேனும் நன்மை தருமா? அன்புள்ளத்தினின்றும் வந்ததா? இவற்றோடு அடியேமின் அனுபவத்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்: "இதில் பெயர் குறிக்கப்பட்டவர் நாளை ரயில் நிலையத்தருகே நம்மைக் கண்டு நகைத்து, ஒரு பழம் கூடுதலாகக் கொடுத்தால், அதனை வாங்க நமது கை நீளுமா?"

நீளாது எனில், அனுப்பாதே. முன்னமே அனுப்பிவிட்டாய் எனில், அவர் உயிரோடிருக்கும்போதே போய்ச் சொல்லிவிடு.