கை அறியாததை மனம் அறியுமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று மூத்தோர் சலித்துக்கொள்வது எல்லாக் காலத்திலும் கேட்கும் குரல்தான். அந்தக் குரலோடு சேர எனக்கு விருப்பமில்லை. ஆயினும் எனக்கும் ஒரு சலிப்பு உண்டு. ஒரு வேலை தெரியாதிருப்பது குற்றமன்று. தனக்குத் தெரியாது என்பதே தெரியாதிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. இவ்விரு குறைகளும் ஒரே வேரில் முளைத்தவை என்பது என் துணிபு.

உறவினர் வீடொன்றில் குழாய் ஒழுகியது. வொஷர் மாற்ற வந்த பாஸ் கூலியைச் சொன்னார். உயர்தரத்தில் மூன்று 'ஏ' சித்தி பெற்ற அவ்வீட்டுப் பிள்ளை, "என்ன காக்கா, இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவு காசா?" என்றான். பாஸ் கோபிக்கவில்லை. ஸ்பனரை நீட்டி, "ஒருக்காப் பிடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். தண்ணீரை எங்கே அடைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு முறுக்கினால் போதும், எதுவும் அவனுக்குப் புலப்படவில்லை. ஸ்பனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மௌனமானான். கூலியைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். பரீட்சைப் புள்ளியைப் பிறர் இடுகிறார்கள். மனப்பாடமும் ஊகமும் அதைக் கூட்டிவிடலாம். பொருளிடம் அது செல்லாது. மருதமுனைக் கைத்தறியில் நூல் அறுந்ததைக் கவனியாது விட்டால் அந்தக் குறை துணியில் தெரிந்துவிடும். தறிக்கு முகஸ்துதி தெரியாது. நெய்பவர் தம் கவனத்தின் அளவைத் தாமே கண்டுகொள்கிறார்.

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், தொழில் என்பது மீண்டும் மீண்டும் செய்வதனால் மனதில் ஊன்றும் ஆற்றல் என்றார். தொழில் அதனைச் செய்பவனின் அறிவையும் வளர்க்கும் என்பது அவர் கருத்து. கைவேலையை அறிவுக்கு வெளியே நிறுத்தும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மறுமொழி.

கைத்திறன் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. கைவினைஞரிடம் மெய்யான அறிவைக் கண்ட சோக்ரதீசே, அதன் காரணமாக ஏனையவற்றையும் தாம் அறிந்ததாக அவர்கள் எண்ணியதையும் கண்டார். எனினும் தன் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பேனும் கைவினைஞனுக்கு உண்டு. எதையும் செய்து பாராதவனுக்கு அதுவும் இல்லை.

அந்த வாய்ப்பைப் பிள்ளைகள் தாமாக இழக்கவில்லை. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியதன் பின் அவை கைவிடப்பட்டன. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. ஆயினும் வைத்தியரும் பொறியியலாளருமே பிள்ளைகள் என்ற எண்ணம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தொடக்கம் "நீ படி, மற்றதை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவனிடம், இருபது வயதில் "உனக்கு ஒன்றும் தெரியாதே" என்பது நீதியா?

ஏழைப் பிள்ளையை மண்வெட்டியோடு நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானது. ஆதலால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், அது வேண்டும் என்கிறேன். சோறாக்கவும் பொத்தான் தைக்கவும் ஒரு பலகையை நேராக அறுக்கவும் முயன்று தோற்றவன், அவற்றைச் செய்து பிழைப்பவரை இளக்காரமாகப் பார்க்கமாட்டான். தன்னை அறிதல் அங்கேதான் அறமாகிறது.