பேரிங்கின் தலையெழுத்து

கோபிசெட்டிபாளையம் பக்கத்து அரிசி ஆலைகளில் பேரிங் போனால் முதலில் வரும் பேச்சு, "நேரஞ் சரியில்லீங்க." எந்திரங்களின் அதிர்வை அளந்து சொல்வது என் பிழைப்பு. அந்தப் பேச்சை நான் முழுதாக மறுப்பதில்லை.

தடப்பள்ளி வாய்க்கால் நெல்லை அரைக்கும் ஓர் ஆலையில், தவிடு இழுக்கும் புளோயர் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிறது, நொடிக்கு 24. காந்தம் வைத்த சென்சாரை ஒட்டினால் அதிர்வு நொடிக்கு 7 மில்லிமீட்டர் காட்டியது. 15 கிலோவாட் வரையிலான சிறு எந்திரங்களுக்கு 4.5ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது 1995இல் வந்த ஐ.எஸ்.ஓ. வரையறை. ஸ்பெக்ட்ரத்தில் 24 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு முனை நிமிர்ந்து நின்றது. சுற்றும் பாகத்தில் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம். திறந்து பார்த்தால், இறக்கைகளில் அப்பிய தவிடு ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தது. இதில் நேரத்துக்கு என்ன வேலை? சுரண்டித் துடைத்தால் தீர்ந்தது.

எல்லாம் இப்படித் தீர்வதில்லை. பேரிங் ஆயுளுக்கு எல்10 என்றொரு கணக்கு உண்டு. லண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரு ஸ்வீடன்காரர்கள் 1947இல் அதற்கு அடித்தளம் போட்டார்கள். ஒரே சுமையில் ஓடும் ஒரே மாதிரி பேரிங்குகளில் 90 சதவீதம் அந்த ஆயுளை எட்டும். 10 சதவீதம் அதற்குள் போய்விடும். எது போகும் என்று செய்தவருக்கே தெரியாது. அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். பெல்ட்டை முறுக்கிக் கட்டுகிறவர் கையில் இருப்பது அது. ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வைத்ததை முரண் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

எனக்கு இடறுவது வேறு இடத்தில். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங்கில் விழும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து உதிரத் தொடங்கும். அடித்தவர் அதற்குள் வேறு ஆலைக்குப் போயிருப்பார். ஓடாமல் நிற்கும் ஸ்பேர் மோட்டாருக்கும், பக்கத்து எந்திரம் ஆடுகிற ஆட்டத்தில் பேரிங்கில் வடு விழும். செய்தவனையே வினை சேரும் என்று படித்த சைவ சித்தாந்தம் இங்கே எனக்கு உதவவில்லை.

அளப்பது நம்பிக்கைக் குறைவா? அந்தப் புளோயர் ஆலைக்காரர் பாரியூர் கொண்டத்துக் காளியம்மனுக்குக் குண்டம் இறங்கித் தீமிதிக்கிறவர். ஆயுத பூஜைச் சந்தனம் பேரிங் மூடிமேல் காய்ந்து கிடந்தது. அதன்மேல் சென்சார் சரியாகப் பிடிக்காது. பேரிங் கெடத் தொடங்கும்போது எழும் நுண்ணதிர்வு பூச்சிலேயே அமுங்கிவிடும். சுரண்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சுரண்டினார். "குண்டத்துக்கே தணலை நெரவி உட்டுப்போட்டுத்தானுங்க எறங்கறோம், இதுக்கென்ன?" என்றார்.

பத்து சதவீதம் அம்மன் விட்ட வழி. மீதியையும் அவள் தலையில் கட்டுவது பக்தி ஆகாது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை மோட்டார் உடம்பில் தாராளமாக வையுங்கள். பேரிங் மூடியை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.