நடப்பவர்க்கு நிற்கும் பள்ளி

பள்ளி ஓரிடத்தில் நிற்பது; ஆடு ஓரிடத்தில் நில்லாதது. இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்ட சிறுவன் எதன் பின் செல்லுதல் தகும் என்று வினவினால், நாம் தயங்காது பள்ளியின் பின்னே என்போம். அவ்விடையை அவனுக்கு எம்மொழியிற் கூறுவது என்பதை மட்டும் எண்ணிப் பார்த்திலோம்.

பாலக்காட்டு மாவட்டத்தின் மலைநாடாகிய அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளர் வளர்க்கும் கரிய ஆடு அம்மலைநாட்டின் பெயராலேயே வழங்குகின்றது. இவர்கட்கு நிலையான ஊர்கள் உண்டு. எனினும், பெரியோர் கூலிக்குச் சென்ற நாளில் மந்தையின் பின்னே யார் செல்வது? பள்ளிச் சிறுவன்தான்.

இதனினும் வலிய தடை மொழி. இருளர் பேச்சு தமிழுக்கு நெருங்கியது. பள்ளியிற் பயிற்றுமொழியோ மலையாளம். இடுக்கி மலைகளில் தமிழ்ச் சாயலான பேச்சுடைய முதுவர் பிள்ளைகட்கும் இதே இடர். ஆசிரியர் கூறுவது விளங்காமல் விழிக்கும் ஆறு வயதுக் குழந்தையை மந்தபுத்தி என்றுவிடுவது எத்துணை எளிது!

பிராமண குலத்துப் பிக்குகள் இருவர், புத்தவசனத்தைச் சந்தஸில் அமைக்க இசைவு வேண்டினர். பகவான் அதனை மறுத்து, தம் மொழியிலேயே கற்குமாறு பணித்தார் என்று சுல்லவக்கம் கூறும். (‘தம் மொழி’ என்றது மாகதியையே என்பர் புத்தகோசர், அவ்வுரைக்கு என் மனம் இசையவில்லை.) அன்றியும், சங்கத்தார் மழைக்காலத்து மூன்று திங்கள் ஓரிடத்திற் தங்கி, ஏனைய காலமெல்லாம் நடந்துகொண்டே கற்றனர், கற்பித்தனர். அலைதல் கல்விக்குப் பகை என்று நாம் எங்ஙனம் சொல்லுவது?

நிற்க. இதனைப் பற்றிக்கொண்டு, காடே அவர்கட்குப் பள்ளி என்று பாடத் தொடங்குவாரும் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடைக்குப் பின் வயல்தோறும் கிடை போட்டு ஊர் ஊராய்ச் செல்வர். அவருடன் பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளை துறவியாகான். பிக்கு தானே விரும்பித் துறந்தான். இவன் துறக்குமாறு செய்யப்பட்டான். புல்லின் குணமும் ஆட்டின் நோயும் அறிதல் மெய்யறிவே. ஆயினும் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவிற் சுருக்கியபோது, தன் மந்தை எங்கே மேயலாம் என்பதை எழுத்தறியாத மேய்ப்பன் பிறர் வாய்க் கேட்டே அறிய வேண்டியவனானான்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமின்றிக் கற்பிக்கக் கடமைப்படுத்துகின்றது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயின் அதனைக் காட்டிச் சேர்க்கை மறுக்கலாகாது என்றும் விதிக்கின்றது. நடந்து செல்வோரை நினைந்து எழுதிய வரி போலத் தோன்றுகின்றது.

கேரளத்தில் ஓராசிரியர் மட்டும் மலையேறிச் சென்று பல வகுப்புகளை ஒருங்கே நடத்திய கற்றல் நிலையங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து இருந்தன. பள்ளியே பிள்ளையிடம் நடந்து சென்ற காலம் அது. 2022இல் அவை மூடப்பட்டன. பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். விடுதியில் வேளைக்கு உணவும், நல்ல நூல்களும், வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் கிடைக்கலாம். இவற்றை இகழ்வார் யார்? ஆனால் ஏழு வயதிலே தாயையும் தாய்ப்பேச்சையும் மந்தையையும் விட்டு வந்தே அவற்றைப் பெற வேண்டுமென்று அப்பிள்ளைக்கு நாம் விலை கூறியிருக்கிறோம். நகரத்திலுள்ள நம் பிள்ளை எவனிடத்தும் அவ்விலையை நாம் கேட்டதில்லை.