ஆணிமேல் அமர்ந்த சேவல்: தந்தைமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தந்தை என்னும் சொல் பெற்றவனைக் குறிக்கிறதா, காத்து நிற்பவனைக் குறிக்கிறதா என்னும் வினா பெரும்பாலும் மனிதரை வைத்தே எழுப்பப்படுகிறது. பறவையியலறிஞர் சலீம் அலியின் இளமை நிகழ்ச்சியொன்று இதனை ஒரு சிட்டுக்குருவியின் வழியே எழுப்புகிறது. அதனை முன்வைத்துத் தந்தைமையின் இயல்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுவனும் சிட்டும்

1896ஆம் ஆண்டு பிறந்த சலீம் அலி, ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவர். மும்பையில் தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் பிள்ளைப்பேறு இல்லாத அவர் மனைவி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். 1906-07 அளவில் சிறுவன் எழுதிவைத்த குறிப்பொன்று, 1985இல் வெளிவந்த தன்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. பொந்தினுள் பேடை அடைகாக்க, வெளியே ஆணியொன்றின்மேல் சேவல் காவலிருந்தது. சிறுவன் மறைந்திருந்து அதனைச் சுட்டான். சற்று நேரத்தில் வேறொரு சேவல் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. ஏழு நாளில் எட்டுச் சேவல்கள் இவ்வாறு வீழ்ந்தன. தந்தையை இழந்து மாமன் நிழலில் வளர்ந்த சிறுவனின் கண்முன், வெறுமையான காவலிடம் மீண்டும் மீண்டும் நிரம்பியது. வேட்டைப் பெருமிதத்தில் எழுந்த குறிப்பே இது. ஆயினும் கொல்வதற்காகக் காத்திருந்த அந்நாள்களிலேயே அறிவதற்கான பொறுமையும் தொடங்கிவிட்டது எனலாம்.

இலக்கியச் சான்று

இப்பறவையின் தந்தைமையைச் சங்கப் புலவர் முன்னரே கண்டனர். வடம வண்ணக்கன் தாமோதரனார் பாடிய குறுந்தொகை 85ஆம் பாடலில், முட்டையிடவிருக்கும் தன் துணைக்குக் கூடமைக்க ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் பூவைக் கோதியெடுக்கிறது. தலைவனுக்காக வந்த பாணனிடம் தோழி வாயில் மறுக்கும் பாடல் இது. தலைவன் தவறிய கடமையை, கடமை தவறாத சேவல் குறிப்பால் உணர்த்துகிறது.

காவலும் தெரிவும்

எனினும் பறவையையே அறத்தின் உரைகல்லாகக் கொள்வதில் இடர் உண்டு. இறந்த சேவலின் இடத்துக்கு வரும் சிட்டு, முந்தையதன் முட்டைகளையோ குஞ்சுகளையோ அழிப்பதும் உண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. அது இடத்தை நிரப்புகிறது. குஞ்சை ஏற்கிறது என்று சொல்வதற்கில்லை. மாமனின் செயல் இதனின் வேறானது. பிறர் பெற்ற பிள்ளையை அவர் தெரிந்தே ஏற்றார். பின்னர்ச் சிறுவன் சுட்டுக் கொணர்ந்த மஞ்சள் தொண்டைச் சிட்டு எவ்வினத்தது என்பதை அவரால் கூற இயலவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டுக்கு அறிமுகக் கடிதம் தந்து அவனை அனுப்பினார். தம் அறியாமையை மறைக்காது, அறிந்தவரிடம் பிள்ளையை ஆற்றுப்படுத்திய இச்செயலும் தந்தைமையின் கூறேயாகும்.

முடிவுரை

பெறுதல் இயற்கை. காவலிடத்தில் அமர்தலும் இயற்கையாகவே இருக்கலாம். உள்ளிருப்பது பிறர் குஞ்சு என அறிந்தும் அகலாது அமர்வதே தந்தைமையை அறமாக்குகிறது. பரத்பூரின் நீர்ப்பறவைகளைக் காக்கப் பின்னாளில் சலீம் அலி மேற்கொண்ட முயற்சிகள் அந்த எட்டுச் சேவல்களை மீட்டுத்தரவில்லை. ஆயினும் தம்மைக் காத்தவர் திறந்துவிட்ட வழியிலேயே அவர் பறவைகளின் காவலரானார் என்பது மனங்கொள்ளத்தக்கது.