நல்லா ஓடுது என்பது பாதி உண்மை

பால்மரம் இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுக்கும். அப்புறம் சாய்த்துவிட்டு மறுநடவு, இல்லையென்றால் செம்பனை. பேராக் தோட்டங்களில் அந்த வேலைக்கு இருந்த மாதிரி ஒரு பழைய செயின்சாவை ஈப்போவில் வாங்கி ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. கார்புரேட்டரில் இறுகிப்போன டயாஃப்ரமை மாற்றணும், பிளக்கைத் துடைக்கணும், சங்கிலிக்கு அரம் போடணும். கயிற்றை இழுத்தால் உறுமும்.

ஆனால் 1959-இல் வந்த ஸ்டில் காண்ட்ரா போன்ற பழைய ரம்பங்களில் சங்கிலி பிரேக் கிடையாது. தகட்டின் நுனி மரத்தில் முட்டினால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். 'அந்தக் காலத்து ஆளுங்க இதுலதானே வேலை செஞ்சாங்க?' என்போம். செஞ்சாங்க. முடியாது என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும்.

பழையதை அப்படியே மீட்டால் அதன் ஆபத்தும் சேர்ந்தே மீளும். அதை நானே பிடித்தால் விருப்பமும் என்னுடையது, உடம்பும் என்னுடையது. கூலிக்கு வந்தவர் கையில் கொடுத்தால் விருப்பம் மட்டும்தான் என்னுடையது. அதனால், பழுது பார்த்தவர் 'நல்லா ஓடுது' என்று விற்றால் பாதிதான் சொல்கிறார். 'பிரேக் இல்லை' என்பது மீதி.